ஒரு முறையாவது மூலநிரலிலிருந்து கட்டிப் பாருங்கள்

கடந்த ஜனவரியில் ஒரு பள்ளி வாசலில் பொங்கல் வாழ்த்துப் பதாகை ஒன்றைப் பார்த்தேன். ஆறடி நீளம் இருக்கும். கரும்பு, பானை, கோலம் எல்லாம் அழகாகவே இருந்தன. கோளாறு ‘பொங்கல்’ என்ற சொல்லில்தான். முதலில் ‘ப’ நின்றது. அதற்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய்விட்டது. கொம்பை அடுத்து ஒரு புள்ளி வட்டம், அதற்கும் பிறகு கால். பதாகையை வடிவமைத்தவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியுமாம். கேட்டதற்கு, “மென்பொருள் அப்படித்தான் காட்டுகிறது, நான் என்ன செய்ய?” என்றாராம்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் “மென்பொருள் அப்படித்தான்” என்ற அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவே இல்லை. மழை அப்படித்தான் என்று சொல்லலாம். அதை யாரும் எழுதவில்லை. மென்பொருளை யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதியதைத் திருத்தலாம்.

கொம்பு ஏன் இடம் மாறியது என்று முதலில் பார்ப்போம். நாம் ‘கெ’ என்று தட்டும்போது கணினியின் நினைவகத்தில் ‘க’ முதலிலும் எகரக் குறி அதற்கு அடுத்தும் பதிவாகின்றன. யூனிகோடு முறை, நாம் ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். ‘கொ’ இன்னும் வேடிக்கை. நினைவகத்தில் ஒகரக் குறி ஒன்றே ஒன்றுதான். திரையில் அது இரண்டாகப் பிரிந்து, பாதி எழுத்துக்கு முன்னாலும் பாதி பின்னாலும் போய் உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தனியாக ஒரு நிரல் தேவை. அது இல்லாத இடத்தில், அல்லது சரியாக வேலை செய்யாத இடத்தில், நான் பார்த்த பதாகை பிறக்கிறது.

அந்த வேலையைச் செய்யும் நிரல்களில் மிகப் பரவலானது ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாமே இதைப் பயன்படுத்துகின்றன. பாரசீக மொழியில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்த. ‘ஓப்பன்டைப்’ என்ற எழுத்துரு முறையின் பெயரைத்தான் இப்படி விளையாட்டாகப் பாரசீகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இதை முன்னின்று உருவாக்கிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர். அவருடைய தாய்மொழியும் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து வடிவம் மாறும் மொழிதான்.

ஹார்ஃப்பஸ் ஒரு நிரல்நூலகம். அதாவது, கைப்பேசியில் அதற்கென்று ஒரு சின்னம் இருக்காது. நீங்கள் அதைத் திறந்து ஓட்ட முடியாது. மற்றச் செயலிகள் வேண்டும்போது அதைக் கூப்பிட்டு, “இந்தத் தமிழ் வரியில் எந்த வடிவம் எங்கே வரவேண்டும், சொல்” என்று கேட்டுக்கொள்கின்றன. ஹார்ஃப்பஸ் எதையும் வரைவதுகூட இல்லை. எந்த வடிவம், எந்த இடம் என்ற பட்டியலை மட்டும் கொடுக்கும். வரைவது வேறொரு நூலகத்தின் பாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அதன் மூலநிரல், அதாவது மனிதர்கள் சி++ மொழியில் எழுதிய வரிகள், முழுவதும் பொதுவில் கிடைக்கின்றன. யாரும் படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்க்குக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கைப்பேசியில் இருப்பது அந்த வரிகள் அல்ல. கம்பைலர் எனப்படும் தொகுப்பி அந்த வரிகளை அரைத்துத் தந்த இயந்திரக் குறிகள்.

‘அரைத்து’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். என் பாட்டி மசாலாத் தூளைப் பாக்கெட்டில் வாங்கமாட்டார். மிளகாய், மல்லி, சீரகம் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லுக்கு எடுத்துப்போவார். அரைத்து முடியும்வரை அங்கேயே நிற்பார். பாக்கெட் தூளிலும் குழம்பு நன்றாகத்தான் வரும். ஆனால் காரம் கூடிப்போனால் எதைக் குறைக்க வேண்டும் என்று பாட்டிக்குத் தெரியும். பாக்கெட் வாங்கியவருக்கு வேறு பாக்கெட் வாங்கத்தான் தெரியும்.

கணினி படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இடைநிலைப்பள்ளியை முடிப்பதற்குள், ஒரு முறையாவது, ஒரு நிரல்நூலகத்தை அதன் மூலநிரலிலிருந்து தானே கட்டி நிறுவிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது ஹார்ஃப்பஸாக இருந்தால் நமக்கு இன்னும் நல்லது. ஏனென்றால் விளைவு நம் கண்ணுக்குத் தெரியும், நம் எழுத்திலேயே தெரியும்.

சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியின் கணினிக் கழகத்துக்குப் போய் வருகிறேன். பதாகையைப் பார்த்த கையோடு, படிவம் நான்கு மாணவர்கள் ஐந்து பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தோம். உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்றுதான் கருவி. உங்களிடம் விண்டோஸ் கணினி இருந்தால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி உண்டு. ராஸ்பெர்ரி பை இருந்தால் அதுவும் போதும், நேரம்தான் கொஞ்சம் கூடும்.

முதல் வேலை, மூலநிரலை இறக்குவது. கிட் என்ற கருவி அதைச் செய்துவிடும். இரண்டாவது, ‘மெசான் செட்டப் பில்ட்’ என்ற கட்டளை. மெசான் ஒரு மேஸ்திரி மாதிரி. தானாகச் செங்கல் அடுக்காது. தளத்தைச் சுற்றிப் பார்த்து, சிமெண்டு இருக்கிறதா, கம்பி இருக்கிறதா என்று கணக்கெடுத்து, வேலைத் திட்டம் போட்டுக் கொடுக்கும். கணக்கெடுப்பு திரையில் வரிவரியாக ஓடியது. “ஃப்ரீடைப்: இருக்கிறது. கிளிப்: இருக்கிறது. கெய்ரோ: இல்லை.” யாரும் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது, ‘மெசான் கம்பைல்’. இதில்தான் உண்மையான அரைப்பு. ஒவ்வொரு சி++ கோப்பையும் தொகுப்பி தனித்தனியாக இயந்திரக் குறியாக மாற்றுகிறது. பிறகு இணைப்பி அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே நூலகக் கோப்பாக்குகிறது. தே தாரேக் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சிவப்பில் ஒரு பிழைகூட இல்லை. மாணவர்கள் கைதட்டினார்கள்.

நூலகத்தோடு ‘எச்பி-வியூ’ என்று ஒரு சின்னக் கருவியும் வரும். ஒரு சொல்லையும் ஓர் எழுத்துருவையும் கொடுத்தால் அது படமாக வரைந்து காட்டும். அதை ஓட்டப் போனால், அப்படி ஒரு கோப்பே இல்லை.

பிழையே வரவில்லை, ஆனால் பொருளும் இல்லை. இருபது நிமிடம் தேடினார்கள். கடைசியில் ஒரு மாணவி திரையை மேலே நகர்த்தி, கணக்கெடுப்பு வரிகளைப் படித்து, “சார், கெய்ரோ இல்லன்னு அப்பவே சொல்லியிருக்கு” என்றார். வரைவது வேறொரு நூலகத்தின் பாடு என்றேனே, அந்த வரையும் நூலகம்தான் கெய்ரோ. அது இல்லாததால் மெசான் சண்டை போடாமல், வரையும் கருவியை மட்டும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

அடுத்த குழப்பம் உடனே வந்தது. இன்னொரு மாணவர் தேடிப் பார்த்துவிட்டு, “கெய்ரோ இந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது சார், மெசான் பொய் சொல்கிறது” என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. கெய்ரோவைப் பயன்படுத்தும் செயலிகள் ஓடுவதற்கு வேண்டிய அரைத்த கோப்பு கணினியில் இருந்தது. ஆனால் கெய்ரோவைக் கூப்பிடும் ஒரு புதிய நிரலைக் கட்டுவதற்கு அது போதாது. அதில் என்னென்ன செயல்கூறுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லும் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். உபுண்டுவில் அவற்றை ‘டெவ்’ என்று முடியும் பெயருள்ள தனித் தொகுப்பாக வைத்திருப்பார்கள். அதை நிறுவி, மெசானை மறுபடி ஓட்டினோம். “கெய்ரோ: இருக்கிறது.”

அந்த இருபது நிமிடத்தில் அவர்கள் கற்றதை நான் ஒரு மாதம் கரும்பலகையில் எழுதினாலும் கற்பித்திருக்க முடியாது. ஒரு நூலகம் இன்னொரு நூலகத்தின் தோளில் நிற்கிறது. அது இன்னொன்றின் தோளில். ஓட்டுவதற்குத் தேவையானது வேறு, கட்டுவதற்குத் தேவையானது வேறு. திரையில் ஓடும் வரிகள் அலங்காரம் அல்ல, படிப்பதற்காகத்தான் ஓடுகின்றன.

நிறுவும் கட்டத்துக்கு வருவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன், ஆர்வக்கோளாறில் நான் ஒரு நூலகத்தைக் கட்டி, நிர்வாகி உரிமையோடு, கணினி தனக்கென்று வைத்திருந்த பழைய பதிப்பின் மேலேயே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையில் திரையில் சுட்டி மட்டும் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. ஒப்படைக்க வேண்டிய வேலை உள்ளே மாட்டிக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. நிறுவுதல் என்பது பெரிய மந்திரம் இல்லை: நூலகக் கோப்பை ஓர் இடத்திலும், தலைப்புக் கோப்புகளை இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வைப்பது, அவ்வளவுதான். எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘பிரிஃபிக்ஸ்’ என்ற விருப்பத்தில் உங்கள் சொந்தக் கோப்புறை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். கணினியின் பதிப்பு அதன் இடத்தில் இருக்கும். உங்களுடையது உங்கள் வீட்டில் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் கோப்புறையை நீக்கினால் போதும். எங்கள் ஐவரும் அப்படித்தான் செய்தார்கள்.

சொந்தக் கோப்புறையில் வைத்தால் ஒரு சிக்கல் வரும். ஒரு நிரலை ஓட்டும்போது அது உங்கள் புதிய பதிப்பை எடுக்காமல் கணினியின் பழைய பதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று இயங்குதளத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் வீடு அதில் இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்கும் வரை, மாற்றம் செய்தேன், ஒன்றும் மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இப்போது நல்ல பகுதி. எச்பி-வியூவிடம் ‘பொங்கல்’ என்ற சொல்லைக் கொடுத்தோம். அழகாக வந்தது. பிறகு மூலநிரலைத் திறந்து, இந்திய எழுத்துகளுக்கென்று உள்ள கோப்பில், குறிகளை இடம் மாற்றும் செயல்கூற்றைக் கூப்பிடும் இடத்தை முடக்கினோம். மறுபடி கட்டினோம். இந்த முறை எல்லாக் கோப்புகளும் அரைபடவில்லை. மாறிய கோப்பும் அதைச் சார்ந்தவையும் மட்டும்தான். மறுபடி ‘பொங்கல்’. கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது. பள்ளி வாசலில் தொங்கிய அதே கோளாறை நாங்களே தயாரித்துவிட்டோம்.

அந்த நிலையில் ‘மெசான் டெஸ்ட்’ ஓட்டினோம். ஹார்ஃப்பஸோடு ஏராளமான சோதனைகள் வருகின்றன: இந்த எழுத்துருவில் இந்த வரியைக் கொடுத்தால் இந்த விடைதான் வரவேண்டும் என்று. முதல் முறை பச்சையாக ஓடிய சோதனைகளில், இந்திய எழுத்துகளுக்கான பகுதி இப்போது சிவப்பானது. முடக்கியதைத் திருப்பி எழுதினோம், மீண்டும் பச்சை. “அந்தப் பதாகை செஞ்சவங்க சாப்ட்வேர்ல யாரும் இந்த டெஸ்ட் ஓட்டலையா சார்?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தமிழ் தெரிந்த யாராவது அந்த அணியில் இருந்து, இப்படி ஒரு சோதனையை எழுதி வைத்திருந்தால் அந்தப் பிழை வெளியே வந்திருக்காது.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஒரு பெற்றோர் நேராகவே கேட்டார்: “இது எஸ்பிஎம்மில் வருமா?” வராது. மூலநிரலிலிருந்து ஒரு நூலகத்தைக் கட்டு என்று எந்தத் தாளிலும் கேட்கமாட்டார்கள். மிதிவண்டியின் சங்கிலியை மாட்டச் சொல்லியும் கேட்கமாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று ஒரு வரி தட்டினால் தயார் நூலகம் வந்துவிடுகிறது. யாரோ ஏற்கெனவே கட்டி, சோதித்து, பாதுகாப்புத் திருத்தங்களையும் தொடர்ந்து அனுப்புகிறார்கள். எதற்கு இந்த வேலை? ஒப்புக்கொள்கிறேன். என் அன்றாட வேலைக்கு நானும் தயார் தொகுப்புகளைத்தான் நிறுவுகிறேன். எல்லாவற்றையும் நானே கட்டுவேன் என்று கிளம்பினால், திருத்தம் வரும்போதெல்லாம் நானே மறுபடி கட்ட வேண்டும். மறந்தால் ஓட்டை திறந்தே கிடக்கும். நான் கேட்பது ஒரு முறை மட்டும். பாட்டியும் தினமும் மில்லுக்குப் போகவில்லை.

‘மூலநிரலிலிருந்து கட்டினால் பாதுகாப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். 2024 மார்ச் மாத இறுதியில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் நல்ல பாடம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். அதன் நூலகம் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. தன்னார்வலர் ஒருவர் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த திட்டம் அது. உதவிக்கு வந்த இன்னொருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல பங்களிப்புகள் செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்.

எங்கே வைத்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். வழக்கமான நிரல் வரிகளில் வைக்கவில்லை. சோதனைக்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில் நச்சுப் பொருளை ஒளித்து வைத்தார். அதை வெளியே எடுத்து நூலகத்தில் கலக்கச் சொல்லும் வரிகளைக் கட்டுமானக் குறிப்பில் சேர்த்தார். அந்த வரிகளும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீடாகத் தந்த தொகுப்புக்குள் மட்டும் இருந்தன. களஞ்சியத்தைப் படித்தவருக்கு மிளகாயும் மல்லியும் சுத்தமாகத்தான் தெரிந்தன. கலப்படம் மில்லில் நடந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். தொலைக் கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாகிறதே என்று உறுத்தியது. விடவில்லை, தோண்டினார். பெரும்பாலான கணினிகளுக்குப் பரவும் முன்பே கதவு அடைக்கப்பட்டது. ஒரு நூலகம் எப்படிக் கட்டப்படுகிறது, கட்டும்போது எதை எங்கிருந்து எடுக்கிறது என்று தெரிந்த ஒருவரால்தான் அந்த அரை விநாடியின் பின்னால் போக முடிந்தது. கட்டுமானம் என்றால் என்னவென்றே தெரியாதவர், இணையம் மெதுவாக இருக்கிறது என்று ரௌட்டரை அணைத்துப் போட்டிருப்பார்.

எனக்கு இதில் உள்ள பெரிய கவலை பாதுகாப்புகூட இல்லை. ஆங்கிலத்தில் ஒரு மென்பொருள் எழுத்தைத் தப்பாகக் காட்டினால், அன்று மாலைக்குள் ஆயிரம் பேர் புகார் செய்வார்கள். அவர்களில் பத்துப் பேருக்காவது அதைத் திருத்தத் தெரியும். தமிழில் தப்பாகக் காட்டினால்? புகார் செய்பவர்களே குறைவு. ‘மென்பொருள் அப்படித்தான்’ என்று பதாகையை அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்நாட்டுத் தமிழருக்கு இது அழகல்ல. முத்து நெடுமாறன் இங்கே இருந்துகொண்டுதான் 1980-களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். யாராவது செய்வார்கள் என்று அவர் காத்திருந்திருந்தால் நம்மில் பலர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

திருத்தம் எழுதுவது கடினமில்லை என்று நான் சொல்லவில்லை. ஹார்ஃப்பஸின் இந்திய எழுத்துக் கோப்பை முழுவதும் புரிந்துகொள்ள எனக்கே இன்னும் முடியவில்லை. ஆனால் திருத்தம் எழுதுவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: அந்த மென்பொருளை உங்கள் கணினியில் கட்டி, மாற்றி, மறுபடி கட்டி, மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த பலர் இந்தப் படியில்தான் நின்றுவிடுகிறார்கள். இந்தப் படியைத் தாண்ட ஒரு சனிக்கிழமை போதும்.

எங்கள் கழகத்தில் அந்தக் கெய்ரோ வரியைக் கண்டுபிடித்த மாணவி இப்போது வீட்டிலும் ஹார்ஃப்பஸைக் கட்டி வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தார். ‘ஸ்ரீ’ என்பதை யூனிகோடில் இரண்டு வழிகளில் தட்டலாம், ஸ-வில் தொடங்கி ஒன்று, ஶ-வில் தொடங்கி ஒன்று. அவருக்குப் பிடித்த ஓர் எழுத்துருவில் ஒரு வழி சேர்ந்து அழகாக வருகிறது, இன்னொன்று உடைந்து தனித்தனியாக நிற்கிறது. தவறு நூலகத்திலா, எழுத்துருவிலா?

‘எச்பி-ஷேப்’ என்று இன்னொரு கருவி இருக்கிறது, அது படம் வரையாமல் வடிவங்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் தரும், இரண்டு வழிகளையும் வேறு வேறு எழுத்துருக்களில் ஓட்டிப் பார் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் காகிதத்தை நீட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நான்கு எழுத்துருக்கள். மூன்றில் இரண்டு வழிகளுக்கும் ஒரே வடிவம் வருகிறது, ஒன்றில் மட்டும் உடைகிறது. அந்த எழுத்துருவை உருவாக்கியவருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்கத்தான் வந்தாராம்.